தடையும் பதிலியும்: இந்தியாவில் இணையத் தடையைக் கடந்து படித்தலின் வரலாறு

1908ஆம் ஆண்டில் 'இந்தியா' வார இதழின்மீது ஆங்கில அரசு வழக்குத் தொடுத்தபோது சிறைக்குச் சென்றவர் பாரதியார் அல்லர். பதிவேட்டில் ஆசிரியராகப் பெயர் கொடுத்திருந்த சீனிவாசனே தண்டனை பெற்றார். அவ்வாண்டிலேயே பாரதியார் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்த புதுச்சேரியை அடைந்தார். இதழும் அங்கு மாறியது. ஆங்கிலச் சட்டம் எட்டாத ஊரில் அச்சாகி, எல்லை கடந்து வந்து, தமிழ்நாட்டு வாசகர் கைகளை அது அடைந்தது. இதழை உள்ளே வரவொட்டாமல் அரசு தடுத்தபின் 1910இல் அது நின்றுபோயிற்று.

தமிழ் இதழியல் வரலாறு பயின்றோர் நன்கறிந்த இச்செய்தியை இங்கு நினைவூட்டக் காரணம் உண்டு. தடையின் எல்லைக்கு வெளியே ஓர் இடத்தை அமைத்துக்கொண்டு அங்கிருந்து உள்ளே அனுப்புதல் என்பது ஒன்று. எழுதியவருக்கும் படிப்பவருக்கும் நடுவில் நிற்பவர்மேல் தண்டனை விழுதல் என்பது மற்றொன்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, இணையத்தில் 'பதிலி வழங்கி' எனப்படும் ஏற்பாடு இந்தியாவில் பரவிய வரலாற்றிலும் இவ்விரண்டையுமே காண முடிகிறது. தமிழ் மடற்குழுக்கள், தமிழ் வலைப்பதிவுகள், எண்ணிம நூலகங்களிலுள்ள பழந்தமிழ் நூல்கள் ஆகியவை அவ்வரலாற்றில் வெவ்வேறு காலங்களில் சிக்கிக்கொண்டன என்பதால் அது தமிழாய்வாளர்க்கும் தொடர்புடையதாகிறது.

பதிலி இயங்கும் முறை

மொழியியலில் பெயருக்கு ஈடாக நிற்கும் சொல்லைப் பதிலிடு பெயர் என்பர். கணினியியலில் பதிலி என்பது ஒருவருக்காகப் போய்க் கேட்டு வாங்கிவரும் கணினி. படிப்பவர் தாம் விரும்பும் தளத்தை நேரே கேட்பதில்லை. வேறோர் ஊரிலோ வேறொரு நாட்டிலோ உள்ள வழங்கியிடம் சொல்கிறார். அது தளத்துக்குச் சென்று பக்கத்தைப் பெற்று, இவரிடம் சேர்க்கிறது. இடையிலுள்ள இணையச் சேவை நிறுவனத்தின் கண்ணுக்கு இவர் பதிலியோடு பேசுவது மட்டுமே தெரியும். தளத்தின் கண்ணுக்கோ பதிலி மட்டுமே தெரியும்.

தடை செய்யும் முறைகளும் சிலவே. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் ஏட்டில் பொய் விடை தருதல், எண் முகவரியையே அடைத்தல், கேட்கப்படும் பக்கத்தின் முழு முகவரியைப் படித்துப் பார்த்து அதனை மட்டும் மறுத்தல் என அவற்றை வகைப்படுத்தலாம். முதலிரண்டும் எளியவை, மலிவானவை, ஆனால் பரும்படியானவை. ஒரே எண் முகவரியில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் குடியிருக்கக்கூடும். கதவை அடைத்தால் வீடு முழுவதும் அடைபடும். மூன்றாவது நுண்மையானது. எனினும் பக்கங்கள் குறியாக்கம் பெற்றுப் பயணிக்கத் தொடங்கியபின் இடையிலுள்ள நிறுவனத்தால் தளத்தின் பெயரை மட்டுமே பெரும்பாலும் காண முடிகிறது, உட்பக்கத்தை அன்று. ஆகவே நுண்மையான தடை மேலும் அரிதாயிற்று. இச்சிறு தொழில்நுட்பச் செய்தியை மனத்திற் கொள்ளாவிடில் பின்வரும் நிகழ்ச்சிகள் வெறும் அதிகாரக் கெடுபிடியாகவே தோன்றும்.

பதிலி மென்பொருள்களின் வரலாறு பெரும்பாலும் சீனாவை முன்னிட்டே எழுதப்படுகிறது. அது இயல்பே. ஃபாலுன் கோங் இயக்கத்தைச் சார்ந்த பொறியாளர்கள் அமெரிக்காவிலிருந்து உருவாக்கிய 'ஃப்ரீகேட்', 'அல்ட்ராசர்ஃப்' ஆகியவை சீன வாசகரைக் கருதியே எழுந்தன. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 1990களின் நடுப்பகுதியில் தோன்றிய எண்ணத்திலிருந்து வளர்ந்த 'டோர்' வலையமைப்பு, கேட்பவரின் வேண்டுகோளை மூன்று கணினிகளின் வழியே, வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்கான குறியாக்கத்துடன் அனுப்புவது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2006 டிசம்பரில் வெளியிட்ட 'சைஃபன்', தடையற்ற நாட்டிலிருக்கும் நண்பர் தம் கணினியைத் தடையுற்ற நாட்டிலுள்ளவருக்கு வாயிலாகத் திறந்துவைக்கும் ஏற்பாடாகத் தொடங்கியது. இவையெல்லாம் அரசு வேண்டுமென்றே மறைத்ததைத் தேடிப் போனவர்களுக்கான கருவிகள். இந்திய வரலாறு இவ்வகையில் வேறுபடுகிறது. தடை செய்யப்பட்டதைத் தேடியவர்களைக் காட்டிலும், தடையில் தவறி அகப்பட்டதைத் தேடியவர்களே இங்குப் பதிலியைப் பெருவழக்காக்கினர் எனலாம்.

1999: முதல் நிகழ்ச்சி

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் 1995 ஆகஸ்டு 15இல் தொடங்கியது. 1998 வரை தனியார்க்கு இத்துறையில் இடமில்லை. வெளிநாட்டுப் போக்குவரத்து அனைத்தும் ஒரே நிறுவனத்தின் வாயில் வழியே சென்ற காலத்தில் தடை செய்வதும் எளிதாயிருந்தது. 1999இல் கார்கில் போரையொட்டிப் பாகிஸ்தானின் 'டான்' நாளிதழின் தளம் இந்தியாவில் திறக்கவில்லை. இணையத் தடைக்கெனத் தனிச்சட்டம் அப்போது இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிறந்ததே 2000இல்தான்.

இங்குக் கவனிக்கத்தக்கது அடுத்து நடந்ததாகும். 'ரீடிஃப்' செய்தித்தளம் அத்தடையைச் செய்தியாக்கியதோடு நில்லாமல், தடையைக் கடந்து டான் இதழைப் படிக்கும் வழிமுறையையும் விரிவாக வெளியிட்டது. பதிலி வழியாகப் படிப்பது குறித்து இந்திய வாசகர் பரவலாகக் கண்ட தொடக்ககாலக் குறிப்புகளுள் இதனை ஒன்றாகக் கொள்ளலாம். அதனை வெளியிட்டதற்காக எவரும் தண்டிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. போர்க்காலத்தில் பகைநாட்டு நாளிதழைப் படிக்கும் வழியை ஓர் இந்தியச் செய்தித்தளம் வெளிப்படையாகக் கற்பித்தது என்பதை, இருபதாண்டுகளுக்குப் பின் நிகழ்ந்தவற்றோடு வைத்து நோக்க வேண்டும்.

2003: ஒரு காசிக் குழுவும் தமிழ் மடற்குழுக்களும்

2003 பிப்ரவரியில் வெளியான அறிவிக்கை, தளங்களைத் தடை செய்யப் பணிக்கும் பொறுப்பைக் கணினி அவசரகால எதிர்வினைக் குழுவான 'செர்ட்-இன்' அமைப்புக்கு அளித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அதன் முதற்பெரும் பயன்பாட்டை நாடு கண்டது. மேகாலயத்தில் தடைசெய்யப்பட்டிருந்த ஓர் அமைப்போடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட 'கின்ஹுன்' என்னும் யாகூ மடற்குழுவை முடக்குமாறு அரசு கேட்டது. யாகூ நிறுவனம் அதற்கு இணங்கவில்லை. தொலைத்தொடர்புத் துறை இணையச் சேவை நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. அக்குழுவின் பக்கத்தை மட்டும் பிரித்தடைக்கும் கருவி அவற்றிடம் இல்லை. எனவே யாகூ குழுமங்கள் அனைத்தும் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் இந்தியாவில் அடைபட்டன. உறுப்பினர் எண்ணிக்கையில் மிகச்சிறியதோர் குழுவுக்காக வைத்த தடை அது.

அக்காலத் தமிழ் இணையத்தை அறிந்தோர் இதன் பொருளை உணர்வர். வலைப்பதிவுகள் அப்போதுதான் முளைவிட்டிருந்தன. தமிழிலக்கிய உரையாடல் பெரும்பாலும் மடற்குழுக்களிலேயே நடைபெற்றது. அகத்தியர், மரத்தடி, ராயர் காபி கிளப் முதலியவை யாகூ குழுமங்களாகவே இயங்கின. மரபிலக்கிய விளக்கம், சொல்லாய்வு, புதிய சிறுகதை, கவிதை, இசை பற்றிய விவாதம் என அங்கு எழுதப்பட்டவை பல்லாயிரம் மடல்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருந்த உறுப்பினர்க்குத் திறந்த பக்கங்கள் சென்னையிலும் மதுரையிலும் இருந்தோர்க்குத் திறக்கவில்லை. ஷில்லாங் மலைப்பகுதி அரசியலுக்கும் தமிழ் வெண்பா விவாதத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவை ஒரே வழங்கிப் பெயரின்கீழ் இருந்தன என்பதே ஒரே தொடர்பு.

(இம்மடல்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடுவதற்கில்லை. அரசின் தடை இரண்டு வாரத்தில் நீங்கியது. 2019 இறுதியில் தொடங்கி யாகூ நிறுவனம் தன் குழுமங்களின் உள்ளடக்கத்தை நீக்கியது. 2020 டிசம்பரில் சேவையையே மூடியது. தனியார் சேமித்து வைத்தவை ஒழிய, அவ்வெழுத்துகள் யாகூவின் தளத்தில் இன்று இல்லை. இழப்பின் அளவை நோக்கினால் அரசாணையை விட வணிக முடிவே பெரிது. பதிலி எதுவும் அதற்கு உதவாது.)

2006: அண்டை நாட்டின் வழி

2006 ஜூலை 11இல் மும்பைப் புறநகர் ரயில்களில் குண்டுகள் வெடித்தன. இரண்டு நாள் கழித்து, 13ஆம் தேதியிட்ட தொலைத்தொடர்புத் துறை ஆணை 17 முகவரிகளைத் தடை செய்யச் சொன்னது. மீண்டும் பழைய கதையே நிகழ்ந்தது. சில வலைப்பதிவுகளைத் தடுக்கவேண்டிய நிறுவனங்கள் பிளாக்ஸ்பாட், டைப்பேட், ஜியோசிட்டீஸ் ஆகியவற்றை முழுமையாக அடைத்தன. முகவரிப் பட்டியல் வெளியிடப்படாமையால், எது எதற்காக அடைபட்டது என்பதே எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் தெரியவில்லை. தமிழ்மணம், தேன்கூடு ஆகிய திரட்டிகளின் வழியே ஒருவரையொருவர் படித்துவந்த தமிழ் வலைப்பதிவர்களுள் பலர் பிளாக்ஸ்பாட்டிலேயே எழுதினர். திரட்டியில் தலைப்புத் தெரியும். சொடுக்கினால் பக்கம் வராது.

இந்திய வாசகர் அப்போது நாடிய பதிலிகளுள் பெயர்பெற்றது 'பிகேபிளாக்ஸ்' என்பது. அதன் பிறப்பு பாகிஸ்தானில். அவ்வாண்டின் தொடக்கத்தில், டென்மார்க்கு இதழ் வெளியிட்ட கேலிச்சித்திரங்களைத் தாங்கியிருந்த 12 தளங்களைத் தடுக்குமாறு பாகிஸ்தானில் ஆணை பிறந்தது. அவற்றுள் ஒன்று பிளாக்ஸ்பாட்டில் இருந்தமையால் பிளாக்ஸ்பாட் முழுவதும் அங்கு அடைபட்டது. அந்நாட்டு வலைப்பதிவர்க்கு உதவும் பொருட்டு எழுந்ததே அப்பதிலி. வலைப்பதிவின் பெயரோடு பிளாக்ஸ்பாட் என்பதற்கு மாறாகப் பிகேபிளாக்ஸ் எனத் தட்டினாற் போதும், பக்கம் வந்துவிடும். மென்பொருள் நிறுவ வேண்டியதில்லை. கணினியறிவும் பெரிதாக வேண்டியதில்லை. நான்கைந்து மாதம் கழித்து இந்தியாவில் அதே தவறு நேர்ந்தபோது அதே வாயில் இந்தியர்க்கும் திறந்திருந்தது. 1999இல் பாகிஸ்தானிய நாளிதழைப் படிக்க இந்தியர் பதிலியைத் தேடினர். 2006இல் இந்தியர் இந்தியரைப் படிக்கப் பாகிஸ்தானியர் அமைத்த பதிலி பயன்பட்டது. இரு நாடுகளின் தணிக்கை வரலாற்றையும் ஒருசேர எழுதப் புகுவார்க்கு இதனினும் பொருத்தமான தொடக்கம் கிடைத்தல் அரிது.

ஏறத்தாழ ஒரு வாரத்தில் நிறுவனங்கள் தடையைச் சுருக்கிக்கொண்டன. ஆனால் பழக்கம் எஞ்சியது. தடையைக் கடப்பது என்பது அதுவரை கணினி வல்லுநரின் கைத்திறன். அவ்வாரத்துக்குப் பின் சமையற்குறிப்பு எழுதுபவரும் கவிதை எழுதுபவரும் அறிந்த செய்தி.

சட்டமும் நடுவில் நிற்பவரும்

2008இல் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 69ஏ பிரிவு நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காகத் தளங்களைத் தடுக்கும் அதிகாரத்தை நடுவணரசுக்கு வெளிப்படையாக அளித்தது. ஆணையை நிறைவேற்றாத இடையீட்டாளர்க்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை என அப்பிரிவு கூறுகிறது. படிப்பவருக்கு அப்பிரிவில் தண்டனை இல்லை. 1908இல் பதிவேட்டு ஆசிரியர் நின்ற இடத்தில் இப்போது இணையச் சேவை நிறுவனம் நிற்கிறது. ஏழாண்டுச் சிறையை எதிர்நோக்கும் நிறுவனம் ஐயம் எழுமிடத்தெல்லாம் குறைவாகத் தடுப்பதைவிட மிகுதியாகத் தடுப்பதையே மேற்கொள்ளும் என்பது சொல்லாமலே பெறப்படும்.

2009ஆம் ஆண்டு விதிகளுள் 16ஆவது, முறையீடுகளையும் நடவடிக்கைகளையும் மறைவாக வைத்திருக்கப் பணிக்கிறது. 2015 மார்ச்சு 24இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை நீக்கியது. 69ஏ பிரிவையும் அதன் விதிகளையும் ஏற்றது. காரணங்கள் எழுத்தில் பதியப்படுவதால் பாதிக்கப்பட்டோர் நீதிமன்றத்தை அணுகலாம் என்பது அத்தீர்ப்பின் போக்கு. ஆணையையே காண இயலாதவர் அதன் காரணத்தை எவ்வாறு எதிர்ப்பார் என்னும் வினா அதன்பின்னும் நின்றது.

நீதிமன்றங்களின் வழியே வந்த தடை மற்றொரு கிளை. திரைப்படத்தின் திருட்டுப்படியை முன்கூட்டியே தடுக்க, யாரென்று அறியப்படாத எதிர்வாதிகள்மீது ஆணை பெறும் வழக்கம் வளர்ந்தது. இந்திய வழக்குகளில் அவ்வறியாதவருக்கு 'அசோக் குமார்' எனப் பெயரிடுவர். அதுவும் ஒரு பதிலிடு பெயரே. '3' என்னும் தமிழ்த் திரைப்படத்திற்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெறப்பட்ட ஆணையைத் தொடர்ந்து 2012 மே மாதத்தில் விமியோ, பேஸ்ட்பின் போன்ற தளங்கள் முழுமையாக அடைபட்டன. ஜூன் 22இல் அந்நீதிமன்றமே, ஆணை குறிப்பிட்ட முகவரிகளுக்கு மட்டுமே உரியது, தளம் முழுமைக்கும் உரியதன்று எனத் தெளிவுபடுத்தியது.

தெளிவு நெடுநாள் நீடிக்கவில்லை. 2014 டிசம்பரில் தீவிரவாதப் பரப்புரை குறித்த நடவடிக்கையில் அடைபட்ட 32 தளங்களுள் ஆர்க்கைவ் நூலகத்தளமும் ஒன்று. 2017 ஆகஸ்டில் அது மீண்டும் அடைபட்டது. இம்முறை காரணம் இரண்டு இந்தித் திரைப்படங்கள். ஆணை சென்னை உயர் நீதிமன்றத்தினுடையது. பட்டியலில் இருந்த தளங்கள் 2,600க்கும் மேற்பட்டவை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்புகள், பழைய அகராதிகள், நின்றுபோன இதழ்களின் தொகுதிகள் எனத் தமிழாய்வாளர் நாள்தோறும் புரட்டும் மின்படிகளுள் பெரும்பகுதி அத்தளத்தில் உள்ளது. பதிப்புரிமைக் காலம் எப்போதோ கழிந்துவிட்ட நூலை ஒப்பிட்டுப் பார்க்க விரும்பிய ஆய்வு மாணவர், அந்நாட்களில் தம் உலாவியில் கண்டது தடையறிவிப்பை. அவர் பதிலி வழியே சென்று படித்திருந்தால் எந்தச் சட்டத்தை மீறியவராவார்? மீறியவர் ஆகார். ஆயினும் 2016 ஆகஸ்டில் சேவை நிறுவனங்கள் காட்டிய தடையறிவிப்பின் வாசகம் பார்ப்பதே தண்டனைக்குரியது என எண்ணும்படி அமைந்திருந்தது. அவ்வாண்டிலேயே பம்பாய் உயர் நீதிமன்றம், பதிப்புரிமைச் சட்டப்படி பார்ப்பது குற்றமன்று என்பதைச் சுட்டி அவ்வாசகத்தைத் திருத்தச் செய்தது.

தடையின் சீரின்மையையும் குறிப்பிட வேண்டும். பெங்களூரிலுள்ள இணையமும் சமூகமும் மையத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், தடைப்பட்டியல்களில் இடம்பெற்ற 4,379 தளங்களை ஆறு நிறுவனங்களின் இணைப்புகளில் சோதித்தனர். எல்லா நிறுவனங்களும் ஒருங்கே தடுத்தவை 1,115 மட்டுமே, அதாவது நாலில் ஒரு பங்கு. ஒரே நகரில், ஒரே தெருவில், ஒரு வீட்டில் திறக்கும் பக்கம் அடுத்த வீட்டில் திறப்பதில்லை. படிப்பவர் நிறுவனத்தை மாற்றுவதும் பதிலியை நாடுவதும் ஒரே செயலின் இரு வடிவங்களாகிவிட்டன.

2020: வழியே ஐயத்துக்குரியதாதல்

2019 ஆகஸ்டு தொடக்கத்தில் ஜம்மு காஷ்மீரில் இணையம் முற்றாக நிறுத்தப்பட்டது. முழு நிறுத்தத்தில் பதிலிக்கு வேலையில்லை. கம்பியே அறுந்த இடத்தில் வாயில் எதற்கு? அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10இல் உச்ச நீதிமன்றம், இணைய நிறுத்த ஆணைகள் வெளியிடப்பட வேண்டும் என்றும் காலவரையற்ற நிறுத்தம் ஏற்புடையதன்று என்றும் கூறியது. அதன்பின் அம்மாத இறுதியில் இரண்டாம் தலைமுறை வேகத்தில் இணையம் திரும்பியது. ஆனால் 301 தளங்களுக்கு மட்டுமே இசைவு. அதுவரை இந்தியாவில் வழங்கியது விலக்குப் பட்டியல். இது இசைவுப் பட்டியல். விலக்கப்பட்டவை தவிர எல்லாம் படிக்கலாம் என்ற நிலை, இசைந்தவை தவிர எதுவும் கூடாது என்று தலைகீழானது.

சமூக ஊடகங்கள் அப்பட்டியலில் இல்லை. காஷ்மீர் மக்கள் வி.பி.என். செயலிகளை நாடினர். வி.பி.என். என்பது படிப்பவரின் கணினியிலிருந்து தொலைவிலுள்ள வழங்கி வரை குறியாக்கம் பெற்ற குழாய் அமைப்பது. அலுவலகங்களும் வங்கிகளும் பாதுகாப்புக்கெனப் பயன்படுத்துவதும் இதுவே. பிப்ரவரியில் ஸ்ரீநகர் இணையக் குற்றக் காவல் பிரிவு, இச்செயலிகளின் வழியே சமூக ஊடகங்களைத் தவறாகப் பயன்படுத்தியதாக வழக்குப் பதிந்தது. சேர்க்கப்பட்ட சட்டங்களுள் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமும் ஒன்று. இசைவுப் பட்டியல் மார்ச்சு 4இல் நீங்கியது. நான்காம் தலைமுறை வேகம் அப்பகுதி முழுமைக்கும் திரும்பியது 2021 பிப்ரவரியில். என்ன எழுதப்பட்டது என்பதோடு எவ்வழியில் சென்று எழுதப்பட்டது என்பதும் வழக்குக்குப் பொருளானது இங்குத்தான். ரீடிஃப் தளம் 1999இல் செய்தியாக வெளியிட்ட வழிமுறை, 2020இல் காவல் நிலையப் பதிவேட்டில் இடம்பெற்றது.

2022 ஏப்ரல் 28இல் செர்ட்-இன் அமைப்பு புதிய கட்டளைகளை வெளியிட்டது. வி.பி.என். சேவையளிப்போர் பயன்படுத்துவோரின் பெயர், முகவரி, தொடர்பு எண், ஒதுக்கிய எண் முகவரி, சேவையை நாடிய நோக்கம் ஆகியவற்றை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 2003இல் தடைக்குப் பொறுப்பேற்ற அமைப்பே இப்போது தடை கடக்கும் வழிக்குப் பதிவேடு கேட்டது. இணையக் குற்றங்களைப் புலனாய்வு செய்யப் பதிவுகள் தேவை என்பது அரசின் வாதம். அது முற்றிலும் புறந்தள்ளத்தக்கதன்று. எனினும் பெயரைக் குறித்துவைக்காமை ஒன்றையே தம் சரக்காக விற்ற நிறுவனங்கள் இதனை ஏற்கவில்லை. எக்ஸ்பிரஸ் வி.பி.என்., சர்ஃப்ஷார்க், நார்டு வி.பி.என். ஆகியவை இந்தியாவிலிருந்த தம் வழங்கிகளை அவ்வாண்டில் அகற்றின. இந்திய எண் முகவரி வேண்டுவோர்க்குச் சிங்கப்பூரிலும் பிரித்தானியாவிலும் உள்ள வழங்கிகளின் வழியே எக்ஸ்பிரஸ் வி.பி.என். அதனை அளித்தது. இந்தியாவுக்குள் இருப்பதுபோலக் காட்டிக்கொண்டு இந்தியாவுக்கு வெளியே நிற்கும் வழங்கிகள் அவை. புதுச்சேரி அச்சகமோ தான் இருக்கும் ஊரை இதழின் முகப்பிலேயே அச்சிட்டது.

2025 ஜனவரியில், உள்துறை அமைச்சகத்தின் ஆணைப்படி வி.பி.என். செயலிகள் சில ஆப்பிள், கூகுள் நிறுவனங்களின் இந்தியச் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்ட செய்தி வெளியாயிற்று. அச்செயலிகளைத் தம் கணினியிலும் கைப்பேசியிலும் முன்பே நிறுவியிருந்தோர்க்கு அவை தொடர்ந்து இயங்கின.